மின்னணு ஆய்வு வேதாகமத்துக்காகக் காத்திருந்த பதினான்கு மாதங்கள்

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். நான் இந்தக் காரியத்தில் இறங்கியபோது, "முதலில் இதையெல்லாம் பார்த்துக்கொள், பிறகு பணத்தைக் கட்டு" என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. வேதாகம மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் என் சபையில் இல்லை, விற்கிறவர்களோ நல்லதை மட்டுமே சொன்னார்கள். அதனால் ஒவ்வொரு தவற்றையும் நானே செய்து, நானே கண்டுபிடித்து, நானே சரிசெய்ய வேண்டியிருந்தது. அதில் போன பணத்தைவிடப் போன காலம்தான் இன்றும் மனதை உறுத்துகிறது.

வாரந்தோறும் ஒரு சிறிய வேதபாடக் குழுவை நடத்துகிறேன். அதற்கு ஆயத்தப்பட நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியது அச்சிட்ட ஆங்கில ஆய்வு வேதாகமம் ஒன்று. ஸ்டடி பைபிள் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இவ்வகை நூலில் வசனங்களுக்குக் கீழேயே விளக்கக் குறிப்புகளும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு முன்னுரையும், ஒத்துவாக்கியங்களும் (ஒரு வசனத்தோடு தொடர்புடைய பிற வசனங்களைச் சுட்டும் குறிப்புகள்), வரைபடங்களும் இருக்கும். இது புதிய வழக்கம் அன்று. 1560இல் வெளிவந்த ஜெனீவா வேதாகமமே ஓரங்களில் குறிப்புகளைத் தாங்கி வந்தது, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அந்த முறையை மேலும் பலருடைய வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் இருப்பதால் கண் மேலும் கீழும் போய்வந்தால் போதும், வேறு புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. ஆனால் வசனத்தின் எழுத்தைவிடக் குறிப்பின் எழுத்து மிகச் சிறியது. என் பார்வை மங்கத் தொடங்கியபோது வசனத்தை வாசிக்க முடிந்தது, குறிப்பை வாசிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு ஒரு சங்கீதத்தை ஆயத்தம் செய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த நாட்களில்தான், நான் வைத்திருந்த அதே ஆய்வு வேதாகமம் மென்பொருளில் வரப்போகிறது என்ற அறிவிப்பைக் கண்டேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வசனத்தைத் தொட்டால் குறிப்பு தானாக வந்து நிற்கும் என்று அதில் இருந்தது. வாசித்தபோது கண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கே முன்பதிவு செய்தேன்.

நான்கு மாதத்தில் வரும் என்றார்கள். அந்தத் தேதி நான்கு முறை தள்ளிப்போய், பதினான்கு மாதங்களுக்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான இரண்டு வரி மின்னஞ்சல் வரும், காரணம் இருக்காது. அந்தக் காலத்தில் எனக்குள் இருந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. வேதத்தை வாசிப்பதற்கான ஒரு கருவிக்காகக் காத்திருந்து கோபப்படுகிறேனே என்ற குற்றவுணர்வும் அதோடு சேர்ந்துகொண்டது. எவரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், "கையில் வேதாகமம் இருக்கிறதே, அதை வாசியுங்கள்" என்பார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வது சரி என்பதும் தெரியும்.

இவ்வளவு தாமதம் ஏன் என்பது பின்னால்தான் புரிந்தது. அச்சுப் புத்தகத்தின் குறிப்பில் "வச. 7ஐக் காண்க" என்று இருந்தால், எந்தப் புத்தகத்தின் எந்த அதிகாரத்தில் ஏழாம் வசனம் என்று வாசகருக்கே விளங்கும். மென்பொருளுக்கு அது விளங்காது. அப்படிப்பட்ட ஒவ்வொரு சுட்டும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யாராவது குறித்துக் கொடுக்க வேண்டும். ஓர் ஆய்வு வேதாகமத்தில் ஆயிரக்கணக்கான சுட்டுகள் உண்டு. அவற்றோடு வரைபடங்களுக்கும் படங்களுக்கும் மின்னணுப் பதிப்புக்கான உரிமை தனியாக வாங்கப்பட வேண்டியிருக்கும். இது தெரிந்திருந்தால் முதல் தேதியை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். முன்பதிவில் கொடுக்கப்படும் தேதியை ஓர் எதிர்பார்ப்பு என்று மட்டுமே கொள்ளுங்கள். அதை நம்பி எந்தப் பாடத்தையும் எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான் அதைத்தான் செய்தேன். "புதிய மென்பொருள் வந்ததும் சங்கீதங்களைத் தொடங்குவோம்" என்று குழுவினரிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் ஆவலோடு சம்மதித்தார்கள். அது வரும்வரை எளிதான சில பகுதிகளை எடுத்துக் காலத்தை ஓட்டினேன். பதினான்கு மாதங்களில் குறைந்தது ஐம்பது சங்கீதங்களையாவது படித்திருக்கலாம். குழுவில் இருந்த முதியவர் ஒருவர் சங்கீதங்களைப் படிக்க வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர். அவர் அந்த இடைவெளியில் நோய்ப்பட்டு, கூட்டத்துக்கு வர முடியாமற் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

காத்திருந்த காலத்தில் பொறுமை இழந்து இன்னொரு தவறும் செய்தேன். வேறொரு ஆய்வு வேதாகமத்தின் மின்னூல் விலை குறைவாகக் கிடைத்ததும் வாங்கினேன். மின்னூலும் வேதாகம மென்பொருளில் இயங்கும் பதிப்பும் ஒன்றுதான் என்று நினைத்தேன், அது சரியன்று. மின்னூல் என்பது திரையில் பார்க்கும் புத்தகம். அதில் 119ஆம் சங்கீதத்தின் நடுவில் உள்ள ஒரு வசனத்துக்குப் போவதற்குள் பத்து முறையாவது விரலைத் தேய்க்க வேண்டியிருந்தது. ஒரு குறிப்பைத் தொட்டால் அது எங்கோ பின்பக்கத்துக்குப் போகும், திரும்பி வரும்போது வந்த இடம் தவறிவிடும். பக்கத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து, இரண்டையும் ஒரே வசனத்தில் நிறுத்திச் சேர்த்து நகர்த்தவும் வழியில்லை. மென்பொருள் பதிப்பில் இவையெல்லாம் உண்டு, அதற்காகத்தான் அதன் விலை அதிகம். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வேறொரு மொழிபெயர்ப்பில் ஒரு வசனத்தைத் திறந்தால், இந்தக் குறிப்புகள் தாமாகவே அந்த வசனத்துக்கு வருமா?" வராது என்றால் அது மின்னூல்தான், வேறு எந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும் சரி.

ஒன்பதாம் மாதத்தில்தான் இலவச மென்பொருட்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இ-ஸ்வோர்ட் 2000ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கிறது. கிராஸ்வயர் அமைப்பின் ஸ்வோர்ட் திட்டத்தை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் பல இருக்கின்றன. பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய விளக்கவுரைகளை இவற்றில் பணம் கட்டாமலே வாசிக்கலாம். மத்தேயு ஹென்றியின் விளக்கவுரை அவற்றில் ஒன்று. அவர் 1714இல் மறைந்தபோது அப்போஸ்தலருடைய நடபடிகள் வரைதான் எழுதி முடித்திருந்தார், எஞ்சிய நிருபங்களையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் பிற போதகர்கள் எழுதி நிறைவுசெய்தார்கள். அதன் ஆங்கிலம் பழையது, தொல்லியல் செய்திகள் அதில் இல்லை. ஆனாலும் சங்கீதங்களைத் தொடங்க அது தாராளமாகப் போதும். முதல் மாதத்திலேயே இதைச் செய்திருந்தால் குழு காத்திருக்க வேண்டியிருந்திராது. பணம் கொடுத்து வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தாலும், முதலில் ஓர் இலவச மென்பொருளில் இரண்டு மாதமாவது பழகுங்கள். உங்களுக்கு உண்மையில் எது தேவை, எது தேவையில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

வெளியீட்டு நாள் வந்தது. காலையிலிருந்து மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் வரவில்லை. மறுநாள் நானாகப் போய்ப் பார்த்தபோது என் முன்பதிவே அங்கே இல்லை. வெளியாகும் நாளில்தான் பணம் எடுப்போம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். இடையில் என் வங்கி அட்டையின் காலம் முடிந்து புதிய அட்டை வந்திருந்தது. பழைய எண்ணில் பணம் எடுக்க முயன்று, முடியாமற்போய், பதிவை நீக்கிவிட்டார்கள். எழுதிக் கேட்டேன். முன்பதிவு விலை முடிந்துவிட்டது, முழு விலைக்குத்தான் தர முடியும் என்று பதில் வந்தது. அது முன்பதிவு விலையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வாதாடுவதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, ஏனென்றால் பதிவு செய்த நாளில் கண்ட நிபந்தனைகளை நான் சேமித்து வைக்கவில்லை. மனம் கசந்துதான் முழு விலையையும் கட்டினேன். முன்பதிவு செய்கிறவர்கள் விலையும் நிபந்தனையும் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் கணக்கில் நுழைந்து, பதிவு இருக்கிறதா, அட்டை செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை அது.

பதிவிறக்கி முடித்து ஆவலோடு திறந்தால் குறிப்புகள் மட்டுமே வந்தன. வசனம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் வாங்கியது குறிப்புகளை மட்டுமே, அவை எந்த மொழிபெயர்ப்புக்காக எழுதப்பட்டனவோ அதைத் தனியாக வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அச்சுப் புத்தகத்தில் இரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்ததால் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் பணம் கட்டினேன். வேண்டாத மின்னூல், கூடுதலாகப் போன தொகை, தனியாக வாங்கிய மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால், இரண்டு மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பணம் முழுவதும் போயிருந்தது. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். மொழிபெயர்ப்புகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, என்ஐவி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 1978இல் முழுமையாக வந்து, 1984இலும் 2011இலும் திருத்தம் பெற்றது. பழைய திருத்தத்துக்காக எழுதிய குறிப்பைப் புதிய திருத்தத்தின் பக்கத்தில் வைத்தால், குறிப்பு விளக்குகிற சொற்றொடரே வசனத்தில் இல்லாமற்போகலாம். எனவே பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, எந்த ஆண்டின் திருத்தம் என்பதும் பொருந்த வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது பணத்தைப் பற்றியது அன்று. இதைத்தான் எல்லாரும் முக்கியமாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மென்பொருள் கைக்கு வந்த மூன்றாம் வாரத்தில் 51ஆம் சங்கீதத்தை எடுத்தேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலமும் குறிப்புகளும், மூன்றாவது பக்கம் எபிரெய மூலம், இப்படித் திரையைப் பிரித்து வைத்துக்கொண்டேன். பத்தாம் வசனம்: "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்." ஆதியாகமம் முதல் வசனத்தில் "தேவன் சிருஷ்டித்தார்" என்ற இடத்தில் வரும் அதே எபிரெய வினைச்சொல், அதாவது "பாரா", இங்கேயும் வருகிறது என்று எப்போதோ ஒரு பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். அதைக் கண்ணாலே பார்த்துவிடலாம் என்று எபிரெயப் பக்கத்தில் பத்தாம் வசனத்தைப் பார்த்தேன். அந்தச் சொல் அங்கே இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பொருள் பார்த்தேன். மகிழ்ச்சி, களிப்பு, எலும்புகள் என்றுதான் வந்தது. மாலை முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில், அந்தப் பிரசங்கி தவறாகச் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்து, அதையே குழுவிலும் சொன்னேன்.

குழுவில் ஓர் இளம்பெண் இருக்கிறாள். அவள் கையில் எப்போதும் அம்மாவின் பழைய ஒத்துவாக்கிய வேதாகமம்தான் இருக்கும். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, இந்தப் புத்தகத்தில் ‘சிருஷ்டியும்’ என்ற சொல்லுக்கு நேரே ஆதியாகமம் 1:1 என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் இது தவறா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோது விளங்கிற்று. எபிரெய வேதாகமத்தில் பல சங்கீதங்களின் தலைப்பும் வசனமாக எண்ணப்படுகிறது. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு, தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்த சமயத்தைச் சொல்லும் அந்த நீண்ட வரி, எபிரெயத்தில் இரண்டு வசனங்களாக நிற்கிறது. ஆகையால் நமக்கு அந்தச் சங்கீதத்தில் 19 வசனங்கள், எபிரெயத்தில் 21. நம்முடைய பத்தாம் வசனம் அங்கே பன்னிரண்டாம் வசனம். நான் மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது நம்முடைய எட்டாம் வசனத்தை. பன்னிரண்டாம் வசனத்துக்குப் போனேன், "பாரா" அங்கேயே இருந்தது. பிரசங்கி சொன்னது சரி, அம்மாவின் பழைய வேதாகமம் சொன்னதும் சரி. நான் சொன்னதுதான் தவறு. மென்பொருள் இரண்டு எண்முறைகளையும் பொருத்திக் காட்டியிருக்க வேண்டும். அந்தத் தமிழ்ப் பதிப்பைச் சேர்த்தவர்கள் அதற்கான அட்டவணையை இணைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் சரிபார்க்காமல் பிறருக்குப் போதித்தது நான் அல்லவா? அடுத்த வாரம் முதல் வேலையாகக் குழுவின் முன்னால் அதைத் திருத்திச் சொன்னேன்.

சங்கீதங்களில் மட்டும் இப்படி நேர்வதில்லை. யோவேல் நமக்கு மூன்று அதிகாரம், எபிரெயத்தில் நான்கு. மல்கியா நமக்கு நான்கு, எபிரெயத்தில் மூன்று. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்டில் ஒன்பதாம் பத்தாம் சங்கீதங்கள் ஒன்றாக இருப்பதால், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற 23ஆம் சங்கீதம் அங்கே 22. புதிதாக எந்த மென்பொருளை வாங்கினாலும் முதல் நாளே இந்த இடங்களைத் திறந்து பாருங்கள். 51:10இல் தமிழையும் எபிரெயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாரா" கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மல்கியா 4ஆம் அதிகாரத்தைத் திறந்து, எபிரெயப் பக்கம் வெறுமையாக நிற்கிறதா, அல்லது 3ஆம் அதிகாரத்தின் முடிவுக்குப் போகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் மற்றவற்றை ஓரளவு நம்பலாம்.

தேடலிலும் இதேபோல் ஏமாந்தேன். தமிழ்ப் பதிப்பில் "சாலொமோன்" என்று தட்டச்சு செய்து தேடினேன். முடிவு பூஜ்யம். 1 இராஜாக்கள் திரையில் திறந்திருக்கிறது, அந்தப் பெயர் கண்ணுக்கு எதிரே பல முறை தெரிகிறது, மென்பொருளோ இல்லை என்கிறது. விஷயம் என்னவென்றால், கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "லொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. நல்ல மென்பொருள் தேடுவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும், எனக்குக் கிடைத்தது அப்படிச் செய்யவில்லை. தப்பிக்க எளிய வழி உண்டு. தேட வேண்டிய சொல்லைத் தட்டச்சு செய்யாமல், வசனத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், அந்தப் பதிப்பு யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு ஒன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வேறு பதிப்பைத் தேடிக்கொள்வதே நல்லது.

தமிழில் தேடுவதற்கு இன்னொரு பழக்கமும் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அநேகமாக அப்படியே கிடைக்கும், தமிழில் சொல் வேற்றுமை உருபோடு வரும். "தேவன்" என்று தேடினால் "தேவனுடைய", "தேவனை", "தேவனுக்கு" எல்லாம் விட்டுப்போகும். கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "தேவன" என்று கொடுத்து, சொல்லின் பகுதியையும் தேடு என்ற வசதியைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் அனைத்தும் அகப்படும். "இரக்கம்" என்பதற்கு "இரக்க" என்று கொடுங்கள், "இரக்கத்தை", "இரக்கமாய்" ஆகியவையும் வரும். தேடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய 136ஆம் சங்கீதத்தைவிட நல்ல அளவுகோல் இல்லை. "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற வரி அதன் 26 வசனங்களிலும் வருகிறது. அந்தச் சங்கீதத்துக்குள் "என்றுமுள்ளது" என்று தேடி 26 வசனங்கள் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தேடலின் எண்ணிக்கையை வைத்து எதையும் போதிக்காதீர்கள். மொழிபெயர்ப்பு மாறினால் சொல்லும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றில் "கர்த்தர்", மற்றொன்றில் "ஆண்டவர்". ஒன்றில் "சங்கீதம்", மற்றொன்றில் "திருப்பாடல்கள்".

மூல மொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட ஸ்ட்ராங் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருள் வாங்குகிறவர்கள் பெரும்பாலோர் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவில் எபிரெய, அரமேயச் சொற்களுக்கு 8674 வரையிலும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையிலும் எண்கள் உண்டு. கிரேக்கத்தில் 2717உம், 3203 முதல் 3302 வரையிலும் எண்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைத் தேடி ஒன்றும் வராவிட்டால் மென்பொருளைக் குறைசொல்ல வேண்டாம். ஒரு சொல்லைத் தொட்டதும் எண்ணும் மூலச்சொல்லும் பொருளும் வரும்போது, மூல மொழியே நமக்குத் தெரிந்துவிட்டதைப் போன்ற ஓர் உணர்வு வருகிறது. எனக்கும் வந்தது. யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் இடத்தை எடுத்தேன். முதல் இரண்டு முறை "அன்பாயிருக்கிறாயா" என்கிறார், மூன்றாம் முறை "நேசிக்கிறாயா" என்கிறார். கிரேக்கத்தில் உள்ள இரண்டு வினைச்சொற்களையும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்படிப் பிரித்தே காட்டியிருக்கிறது என்று கண்டபோது, அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று. உடனே, ஒன்று தெய்வீக அன்பு, மற்றது வெறும் நட்பு என்று ஒரு பாடமே எழுதிவிட்டேன். நல்ல வேளையாக, இந்த முறை அதைச் சொல்வதற்கு முன் அந்தச் சொற்கள் யோவானில் வேறு எங்கெல்லாம் வருகின்றன என்று தேடிப் பார்த்தேன். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு 3:35இல் ஒரு சொல்லும் 5:20இல் மற்றொரு சொல்லும் வருகின்றன. இயேசுவுக்கு அன்பான சீஷனைக் குறிக்க 13:23இல் ஒன்றும் 20:2இல் மற்றொன்றும் வருகின்றன. அந்த வேறுபாட்டின்மேல் நான் கட்டிய பாடம் நிற்கவில்லை. எண்ணைத் தொட்டால் கிடைப்பது அகராதிப் பொருள் மட்டுமே, அதே ஆசிரியர் அந்தச் சொல்லை எப்படிக் கையாளுகிறார் என்பது தேடினால்தான் கிடைக்கும். இந்தத் தேடலைச் சில நொடிகளில் செய்ய முடிவதுதான், என்னைக் கேட்டால், மென்பொருளுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதிக்கு ஈடானது.

சொந்தக் குறிப்புகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். எட்டு மாதங்களாக நான் வசனங்களின் பக்கத்தில் எழுதி வந்தவை எல்லாம் கணினி பழுதானபோது ஒரே நாளில் போய்விட்டன. வாங்கிய நூல்கள் கணக்கில் நுழைந்ததும் திரும்பி வந்துவிட்டன, என் எழுத்து வரவில்லை. ஒத்திசைவு, அதாவது குறிப்புகளை இணையக் கணக்கிலும் சேமிப்பது, தானாக நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அதை நான்தான் இயக்கியிருக்க வேண்டும். இப்போது மாதம் ஒரு முறை குறிப்புகளைச் சாதாரண உரைக்கோப்பாக வெளியெடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறேன். அப்படி வெளியெடுக்க வழி இல்லாத மென்பொருளில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வாங்கும் நூல் புத்தகத்தைப்போல் நமக்குச் சொந்தமாவதில்லை, அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே கிடைக்கிறது என்பதையும் நிபந்தனைகளில் வாசித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா, இணையம் இல்லாதபோது திறக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அச்சுப் புத்தகத்தை நான் எவருக்கும் கொடுக்கவில்லை, அது மேசையின்மேல்தான் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த மென்பொருளை நான் விடவில்லை. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு குறிப்பை முழுமையாக வாசித்த முதல் இரவில் எனக்கு உண்டான நன்றியுணர்வு இன்னும் குறையவில்லை. மூன்று மணி நேரம் ஆன ஆயத்தம் இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. முதல் அரை மணி நேரம் குறிப்புப் பக்கத்தை மூடிவைத்து வசனத்தை மட்டுமே வாசிக்கிறேன். குறிப்பு எப்போதும் கண்ணெதிரே நின்றால், நானாகக் கேட்க வேண்டிய கேள்வியை அதுவே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

குழுவில் சங்கீதங்களை முதலிலிருந்தே மறுபடியும் தொடங்கி, சென்ற வாரம் 51ஆம் சங்கீதத்துக்கு வந்தோம். வர முடியாமற்போன அந்த முதியவரின் வீட்டிலேயே கூடினோம். அவருக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளில், பத்தாம் வசனத்தின் பக்கத்தில் எபிரெய எண் பன்னிரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது என்ன அம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்த இளம்பெண் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பையும் சேர்த்து எண்ணுவதைப் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.